மூணு பனைமர உயரம்: ஆர்.சி. ப்ளேன் ஓட்டக் கத்துக்கறது எப்படி?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

விழுப்புரத்துல இருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். காலேஜ் ரெண்டாவது வருஷம். லீவு நாள்ல கேட்டரிங் வேலைக்குப் போய் எட்டாயிரம் ரூபாய் சேர்த்து வெச்சிருக்கார். "அண்ணா, ஆன்லைன்ல ஒரு ஜெட் மாடல் பார்த்தேன், செம்மையா இருக்கு. இதை வாங்கி ஓட்டக் கத்துக்கலாமா?" இதுதான் கேள்வி.

வேணாம் தம்பி. காரணம் சொல்றேன். ஜெட் மாதிரி இருக்கிற மாடலுக்கு இறக்கை சின்னது. சின்ன இறக்கைல மிதக்கணும்னா வேகமா போகணும். வேகமா போனா யோசிக்க நேரம் கிடைக்காது. எட்டாயிரம் ரூபாய் எட்டு செகண்ட்ல தரையில குத்தி நிக்கும். ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் இந்த ஹாபியை விட்டுப் போறது ரெண்டாவது ப்ளேன் வாங்கக் காசு இல்லாததால. ஆர்வம் போய்ட்டதால இல்ல. அதனால இன்னிக்கு எபிசோடு முழுக்க, அந்த முதல் ப்ளேனை எப்படிக் காப்பாத்தறதுங்கிறதைப் பத்தித்தான்.

நான் கத்துக்கிட்டது திண்டிவனம் பக்கத்துல ஒரு வறண்ட ஏரியில. அங்க ரொம்ப வருஷமா பறக்க விட்டுக்கிட்டிருந்த ஒரு அண்ணன் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தார். அவரோட ரிமோட்டையும் என்னோட ரிமோட்டையும் ஒரு கேபிள்ல இணைச்சிருப்பார். அவர் ரிமோட்ல ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் ப்ளேன் என் கையில, விட்டா அவர் கையில. டிரைவிங் ஸ்கூல் கார்ல இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்குமே, அதே மாதிரி. இதுக்கு 'பட்டி பாக்ஸ்'னு பேர். இப்படி ஒரு ஆள் கிடைச்சா பாதி செலவு மிச்சம். கிடைக்கலைன்னாலும் கத்துக்கலாம், ஆனா முதல் ஒரு மாசம் வீட்டுக்குள்ளதான் பறக்கணும்.

வீட்டுக்குள்ளன்னா சிமுலேட்டர்ல. 'பிக்காசிம்'னு இலவசமா ஒண்ணு இருக்கு, போன்லயே ஓடும். லேப்டாப் இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா உங்க ரிமோட்டையே ஒரு கேபிள் வழியா இணைச்சு, நிஜ ஸ்டிக்ல விரலைப் பழக்கலாம். தினமும் இருபது நிமிஷம் போதும். இது வீடியோ கேம் மாதிரி போரடிக்கும், ஒத்துக்கறேன். ஆனா அதுல நூறு தடவை விழுந்தாலும் பைசா செலவில்ல.

சிமுலேட்டர்ல என்ன பழகணும்? ஒரே ஒரு விஷயம். ப்ளேன் உங்களை விட்டு விலகிப் போகும்போது ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா ப்ளேன் உங்களுக்கும் வலது பக்கமாத்தான் சாயும். அதுவே திரும்பி உங்களைப் பார்த்து வரும்போது, அதோட வலது உங்களுக்கு இடது. மூளைக்கு இது தெரியும், விரலுக்குத் தெரியாது. ஏரியில ஒரு நாள் காலேஜ் பசங்க நாலஞ்சு பேர் ப்ராஜெக்ட் ப்ளேன் கொண்டு வந்தாங்க. மூணு வாரமா ராத்திரி உக்காந்து செஞ்சது. அழகா மேல போச்சு, திரும்பிச்சு, அவங்களைப் பார்த்து வந்துச்சு. வலது இறக்கை கொஞ்சம் தாழ்ந்துச்சு. ஓட்டின தம்பி நிமிர்த்தறதா நினைச்சு ஸ்டிக்கைத் தள்ளினார், இன்னும் சாஞ்சுது. பதறி இன்னும் தள்ளினார். அவ்வளவுதான். ஒருத்தரும் ஒண்ணும் பேசல, பாலித்தீன் கவர்ல பொறுக்கிக்கிட்டுப் போனாங்க.

அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி இது: ப்ளேன் உன்னைப் பார்த்து வரும்போது வலது இடதுன்னே யோசிக்காதே. எந்த இறக்கை தாழுதுன்னு மட்டும் பாரு. அந்தப் பக்கமா ஸ்டிக்கைத் தள்ளி அதுக்கு முட்டுக் கொடு. குலை தள்ளின வாழை சாயற பக்கம் கழி வெச்சு முட்டுக் கொடுக்கறோம் இல்லையா, அந்த மாதிரி. இது விரலுக்கு ஏறினப்புறம் மத்ததெல்லாம் சுலபம்.

சரி, காசு விஷயம். எட்டாயிரத்துல பாதியாவது ரிமோட்டுக்குப் போகும். போகட்டும். ஃப்ளைஸ்கை மாதிரி ஒரு ஆறு சேனல் செட் வாங்கிட்டா, அடுத்த நாலஞ்சு ப்ளேனுக்கும் அதேதான். இப்ப வர்ற செட்டெல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு ரிமோட்டும் அதோட ரிசீவரோட மட்டும்தான் பேசும். முன்னாடி கிரிஸ்டல் மாத்தற ரிமோட் இருந்த காலத்துல, ஒரே சேனல்ல பக்கத்துல இன்னொருத்தர் ரிமோட்டை ஆன் பண்ணினா உங்க ப்ளேன் விழுந்துடும். அந்தத் தொல்லை போச்சு. வாங்கும்போது 'மோட் 2' கேட்டு வாங்குங்க. இடது ஸ்டிக்ல த்ராட்டில், வலது ஸ்டிக்ல மூக்கை ஏத்தி இறக்கறதும் சாய்க்கறதும். நம்ம ஊர்ல பெரும்பாலும் எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்காங்க, சந்தேகம்னா கேட்கவும், ரிமோட்டைக் கையில கொடுத்து உதவி வாங்கவும் வசதி.

அடுத்த பெரிய செலவு பேட்டரியும் சார்ஜரும். மோட்டார், அதைக் கட்டுப்படுத்துற ஈ.எஸ்.சி., தீப்பெட்டியை விடச் சின்னதா இருக்கிற 9 கிராம் சர்வோ மோட்டார் மூணு நாலு, இதெல்லாம் ஆன்லைன்ல வாங்கலாம், இல்லைன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு நடை. எல்லாத்துலயும் மலிவு எது தெரியுமா? ப்ளேன்தான்! உடம்பும் இறக்கையும் ஃபோம் ஷீட். கட்டர், ஸ்கேல், ஹாட் க்ளூ கன் இருந்தா ரெண்டு ராத்திரியில வெட்டி ஒட்டிடலாம். பிளான் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. உடைஞ்சா திரும்ப வெட்டலாம். தெர்மாகோல்ல செஞ்சிருந்தா ஃபெவிக்விக் பக்கமே போகாதீங்க, அது தெர்மாகோலைக் கரைச்சுத் தின்னுடும்.

முதல் ப்ளேனோட இறக்கை உடம்புக்கு மேல இருக்கணும், ரெண்டு நுனியும் லேசா மேல் நோக்கி வளைஞ்சிருக்கணும். இந்த வளைவு அலங்காரத்துக்கு இல்ல. ஒரு பக்கம் சாயும்போது ப்ளேன் அந்தப் பக்கமா கொஞ்சம் சறுக்கும். அப்போ தாழ்ந்த இறக்கைக்குக் காத்து கூடுதல் கோணத்துல மோதும், அது தானா மேல எழும்பும். அதாவது நீங்க ஸ்டிக்கை விட்டுட்டா ப்ளேனே நிமிர்ந்துக்கும். ஜெட் மாடல் இப்படி மன்னிக்காது. இந்த மாதிரி ப்ளேனுக்கு மூணு சேனலே போதும்: த்ராட்டில், எலிவேட்டர், ரட்டர். ஏலெரான் ரெண்டாவது ப்ளேன்ல பார்த்துக்கலாம்.

பறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விரல் நுனியில இறக்கையைத் தாங்கிப் பாருங்க. இறக்கையோட முன் விளிம்புல இருந்து அகலத்துல கால் பாகம், அதுக்கு மேல போனா மூணுல ஒரு பாகம், அந்த இடத்துல ப்ளேன் சமமா நிக்கணும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் சரி பண்ணலாம். மூக்கு கொஞ்சம் கனமா இருந்தா சோம்பேறித்தனமா பறக்கும், பரவாயில்ல. வால் கனமா இருந்தா எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பிடிக்கிறது கஷ்டம்.

இப்ப நம்ம ஊர் காத்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

விழுப்புரம், திண்டிவனம் ரெண்டுமே கடலுக்கு ரொம்பத் தூரமில்ல. வெயில் ஏறினப்புறம், மதியத்துல கடற்காத்து உள்ளே வரும். ஆடி மாசம் மேற்கு காத்து அடிக்கும், காத்தாடி விடறவங்களுக்குக் கொண்டாட்டம், நமக்கு இல்ல. ஐப்பசி, கார்த்திகைல மழை, ஏரியில தண்ணி. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி வருஷத்துல ஏரியை மறந்துட்டு வேற மைதானம் தேடணும். ஆக, புதுசா கத்துக்கறவங்களுக்கு தையும் மாசியும்தான் தங்கம். அறுப்பு முடிஞ்ச நிலம் சும்மா கிடக்கும். காலைல ஆறரையில இருந்து எட்டரை வரைக்கும் இலை அசையாது. பனி மூட்டம் இருந்தா மட்டும் விலகற வரைக்கும் காத்திருங்க, கண்ணுக்குத் தெரியாத ப்ளேனை யாராலயும் ஓட்ட முடியாது.

காத்துல புதுசா ஓட்டறவங்க ஏன் விழறாங்க? கணக்கு ஒண்ணு சொல்றேன். உங்க ப்ளேன் காத்துக்குள்ள மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல போகுது. காத்து மணிக்கு 15. எதிர்க்காத்துல போகும்போது தரையில இருந்து பார்க்கிற உங்களுக்கு அது 15ல ஊர்ந்து போற மாதிரி தெரியும். திரும்பிக் காத்தோட வரும்போது 45ல பறந்து வரும். பார்த்த உடனே பயம் வரும், "ஐயோ, வேகமா வருதே"ன்னு த்ராட்டிலைக் குறைப்பீங்க. ஆனா இறக்கைக்கு உங்க தரை கணக்கு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது காத்துக்குள்ள அது போற வேகம் மட்டும்தான், அது அப்பவும் 30தான். அதைக் குறைச்சா தாங்காது. ஓடற ரயிலுக்குள்ள நடக்கிற ஆள் மாதிரிதான். முன் பக்கமா நடந்தாலும் பின் பக்கமா நடந்தாலும் அவர் நடை ஒண்ணுதான். விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்துல நின்னு பார்க்கிறவருக்குத்தான் வித்தியாசமா தெரியும்.

வேகம் குறைஞ்ச ப்ளேன் மூக்கைத் தாழ்த்தி உயரம் இழக்கும். உயரத்தைப் பிடிச்சு வைக்க நீங்க ஸ்டிக்கை இழுத்து மூக்கைத் தூக்குவீங்க. இறக்கைக்கும் காத்துக்கும் நடுவுல இருக்கிற கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினா, மேல் பரப்பை ஒட்டி ஓடற காத்து பிய்ஞ்சு போயிடும். இதுதான் ஸ்டால். இன்ஜின் நின்னு போறது இல்ல, இறக்கை வேலை செய்யறது நின்னு போறது. ப்ளேன் ஒரு பக்கமா கவிழ்ந்து கீழ வரும். அப்போ கை தானா ஸ்டிக்கை இன்னும் பின்னால இழுக்கும். செய்ய வேண்டியது நேர் எதிர்: ஸ்டிக்கை முன்னால விடணும், மூக்கு தாழணும், வேகம் ஏறணும், அப்புறம் மெதுவா இழுக்கணும். இதுக்கெல்லாம் கீழ இடம் வேணும்.

அதுக்குத்தான் மூணு பனைமரம். நம்ம பக்கம் எங்க நின்னாலும் ஒரு பனை தெரியும். அதை அளவா வெச்சுக்குங்க. முதல் பத்து பறப்புல மூணு பனை உயரத்துக்குக் கீழ எந்தத் திருப்பமும் வேணாம். உயரம் பார்க்கப் பயமா இருக்கும், ஆனா அதுதான் உங்களுக்கு ரெண்டு மூணு செகண்ட் கொடுக்கும். தாழப் பறந்தா பாதுகாப்புன்னு நினைக்கிறது இயல்பு. நிஜத்துல ப்ளேன் உடையற இடம் தரை, ஆகாயம் இல்ல.

தூக்கி விடறதுக்கு ஒரு நண்பரை வெச்சுக்குங்க. காத்துக்கு எதிரா, தரைக்கு இணையா, ஈட்டி எறியற மாதிரி நேரா விடணும். வானத்தைப் பார்த்து வீசக்கூடாது. ஃபுல் த்ராட்டில், மெதுவா ஏத்தம், மூணு பனை வந்ததும் பாதி த்ராட்டில். பெரிய பெரிய வட்டம். முதல் பறப்பு நாலு நிமிஷம் போதும், போன்ல டைமர் வெச்சுக்குங்க. இறங்கும்போதும் காத்துக்கு எதிராத்தான். த்ராட்டிலைக் குறைச்சு, இறக்கையைச் சமமா வெச்சு, தானா இறங்க விடுங்க. முழங்கால் உயரம் வந்தப்புறம் லேசா ஒரு இழுப்பு. பத்து மீட்டர் தள்ளி இறங்கினா என்ன, நடந்து போய் எடுத்துக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, இதுல நான் கறாரு. பத்து இன்ச் ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு ஏழெட்டாயிரம் தடவை சுத்தும். விரல் போச்சுன்னா வராது. வீட்ல டெஸ்ட் பண்றப்போ ப்ரொப்பெல்லரைக் கழட்டிடுங்க. மைதானத்துல முதல்ல ரிமோட்டை ஆன் பண்ணி, த்ராட்டில் கீழ இருக்கான்னு பார்த்து, அப்புறம்தான் ப்ளேன்ல பேட்டரியை மாட்டணும். கழட்டும்போது தலைகீழா: பேட்டரி முதல்ல, ரிமோட் கடைசியா. சிக்னல் போனா மோட்டார் தானா நிக்கிற மாதிரி ஃபெயில்சேஃப் செட் பண்ணுங்க. செட் பண்ணிட்டேன்னு நம்பாம, ப்ரொப்பெல்லர் இல்லாம ரிமோட்டை ஆஃப் பண்ணியே பாருங்க.

பேட்டரியும் அப்படித்தான். நாம பயன்படுத்துறது லித்தியம் பாலிமர், லைப்போன்னு சொல்றது. மூணு செல் பேட்டரி முழு சார்ஜ்ல 12.6 வோல்ட். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் வந்ததும் இறக்கிடுங்க. ஒரு வாரம் பறக்கப் போறதில்லைன்னா செல்லுக்கு 3.8ல நிறுத்தி வைங்க. உப்பின பேட்டரியைக் காசு போச்சேன்னு வெச்சிருக்காதீங்க. சார்ஜ் போட்டுட்டுத் தூங்கறது, மெத்தை மேல போடறது, மே மாச வெயில்ல பைக் டிக்கியில வைக்கிறது மூணும் கூடாது. டைல்ஸ் தரையில, ஒரு மண் சட்டிக்குள்ள வெச்சு, பக்கத்துல ஆள் இருந்து சார்ஜ் பண்ணுங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு நிறைய பேர் கேட்கறீங்க. 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள் நம்ம மாதிரி மாடல் ப்ளேனையும் சேர்த்துத்தான் பேசுது. பொழுதுபோக்குக்காக, கண் பார்வைக்குள்ள பறக்கிற மாடலுக்குத் தனி வகையே இருக்கு. 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. நாம செய்யற ஃபோம் ப்ளேன் பெரும்பாலும் மைக்ரோவுல வரும். வியாபார நோக்கம் இல்லாம மைக்ரோ ஓட்ட பைலட் லைசென்ஸ் தேவையில்ல. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சு 'டிஜிட்டல் ஸ்கை' இணையதளத்துல மேப் இருக்கு. பச்சையில 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைக்கும். இயங்கற விமான நிலையத்தோட எல்லையில இருந்து 8 கிலோமீட்டருக்குள்ள மஞ்சள், 8ல இருந்து 12 வரைக்கும் 200 அடிதான் பச்சை. நமக்குப் பக்கத்துல இருக்கிறது புதுச்சேரி லாஸ்பேட்டை. திண்டிவனம், விழுப்புரம் ஊர்கள் அதுக்கு வெளியில. ஆனா நம்ம மாவட்டமாச்சேன்னு கோட்டக்குப்பம் பக்கம் போய்ப் பறக்க விட்டுடாதீங்க, அது விமான நிலையத்துக்கு ரொம்பக் கிட்ட. பெரிய தலைவர்கள் வர்ற நாள்ல தற்காலிகமா சிவப்பு அறிவிக்கவும் அதிகாரம் இருக்கு. விதியும் பதிவு நடைமுறையும் மாறிக்கிட்டே வருது, அதனால ஒவ்வொரு தடவையும் மேப்பைத் திறந்து பார்த்துட்டுக் கிளம்புங்க.

"உளுந்தூர்பேட்டையில பழைய ரன்வே இருக்கே, அங்க போலாமா?"ன்னும் கேட்பாங்க. ரெண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் அது, முன்னாடி நம்ம மாவட்டம், 2019ல இருந்து கள்ளக்குறிச்சி. ஆசையாத்தான் இருக்கும். ஆனா கேட்காம உள்ள போற இடமில்ல.

சட்டத்தை விடப் பெரிய அனுமதி ஊர்க்காரங்களோடது. ஏரியில ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் இருப்பார். முதல்ல அவர்கிட்ட போய், "ஐயா, கொஞ்ச நேரம் இதைப் பறக்க விட்டுக்கறோம், ஆடு எந்தப் பக்கம் போகும்?"னு கேளுங்க. எங்களுக்கு அப்படிப் பழக்கமானவர்தான், எந்தத் திசையில ஈ.பி. லைன் தாழ இருக்கு, எப்போ காத்து திரும்பும்னு சொல்வார். ஆடு, ஆள், ரோடு, கம்பி இந்த நாலுக்கும் மேல பறக்காதீங்க. நேஷனல் ஹைவே பக்கத்துல நின்னு பறக்க விடவே வேணாம். ஒரு கிலோ பொருள் ஒரு பைக்காரர் முன்னாடி விழுந்தா என்னாகும்னு நினைச்சுப் பாருங்க.

தனியா கத்துக்க முடியலைன்னா, காலேஜ்ல என்.சி.சி. விமானப் பிரிவு இருக்கான்னு பாருங்க. அங்க ஏரோமாடலிங் பயிற்சியிலேயே இருக்கு, அகில இந்திய வாயு சைனிக் முகாம்ல போட்டியும் உண்டு. இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு போயிங் நிறுவனம் ஐ.ஐ.டி.க்களோட சேர்ந்து ஏரோமாடலிங் போட்டி நடத்தியிருக்கு. இது எங்க வரைக்கும் போகும்னு கேட்டா, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோட தக்ஷா குழுவைச் சொல்வேன். 2018ல ஆஸ்திரேலியாவுல நடந்த ஆளில்லா விமானப் போட்டியில ரெண்டாவது இடம். அந்தக் குழுவுக்கு நடிகர் அஜித் ஆலோசகரா இருந்தார். அவர் வருஷக் கணக்கா ஆர்.சி. மாடல் ஓட்டறவர்ங்கிறது ரசிகர்களுக்குப் புதுசில்ல.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல: கரும்புத் தோட்டம். நம்ம பக்கம் எங்க பார்த்தாலும் கரும்பு. உள்ள விழுந்த ப்ளேன் அஞ்சடி தள்ளி நின்னாலும் தெரியாது. விழறது தெரிஞ்ச உடனே ஓடாதீங்க. நின்ன இடத்துலயே நின்னு, விழுந்த திசையில தூரத்துல இருக்கிற ஒரு மரத்தையோ கோபுரத்தையோ குறி வெச்சுக்குங்க. நண்பர் உள்ள போகட்டும், நீங்க அந்தக் கோட்டுல அவரை வழி நடத்துங்க. சர்வோ இன்னும் உயிரோட இருந்தா ஸ்டிக்கை அசைச்சா சரசரன்னு சத்தம் கேட்கும், த்ராட்டிலை மட்டும் தொடாதீங்க. போறதுக்கு முன்னாடி தோட்டக்காரர்கிட்ட சொல்லிட்டுப் போங்க, சோகையில கை கால் அறுக்கும், முழுக்கை சட்டை போட்டுக்குங்க. பேட்டரி கிடைக்கலைன்னா தேடறதை விட்டுடாதீங்க. அடிபட்ட லைப்போ காஞ்ச சோகைக்குள்ள கிடந்து தீப்பிடிச்சா, போறது உங்க எட்டாயிரம் இல்ல, அவரோட ஒரு வருஷ உழைப்பு.

அடுத்த எபிசோடுல ஃபோம் ஷீட் வெட்டறதுல இருந்து சர்வோ மாட்டறது வரைக்கும் பார்க்கலாம். ஹாட் க்ளூ கன் வாங்கி வெச்சுக்குங்க.